திருவனந்தபுரம் – சென்னை: வானில் ஒன்றேகால் மணி நேரம், பாறசாலையிலிருந்து புறப்படுவோருக்கு ஆறு மணி நேரமாவது ஏன்?

நெய்யாற்றின்கரை: கேரள – தமிழக எல்லையோரக் கிராமங்களான பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தினர் சென்னைக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று இணையத்தில் தேடினால், "1 மணி 20 நிமிடம்" என்ற விடை நொடியில் வந்துவிடுகிறது. அதை நம்பி, காலை 10 மணி விமானத்தில் ஏறி, நண்பகல் 12 மணிக்கு அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசா நேர்முகத்துக்கு நேரம் குறித்துக்கொள்பவர், பெரும்பாலும் முக்கால் மணி நேரம் தாமதமாகவே அங்கே போய் நிற்பார். விமானம் சரியான நேரத்தில் புறப்பட்டு, சரியான நேரத்தில் தரையிறங்கினாலும் நிலைமை அதுதான்.

இணையம் தந்த விடை தவறன்று. அது வேறொரு கேள்விக்கான விடை. இரு நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு என்பதும், பயண நேரம் என்பதும் ஒரே ஓர் எண்ணாகப் பேசப்பட்டாலும், உண்மையில் அவை பல எண்கள். எந்த எண் எதற்கு உரியது என்பதை அறியாததால் நேர்முகத் தேர்வைத் தவறவிட்டவர்களும், வளைகுடா நாட்டில் பணியில் சேர வேண்டிய நாளன்று விமானம் போன பிறகு விமான நிலையத்துக்கு வந்தவர்களும் எல்லையோரச் சிற்றூர்களில் இல்லாமல் இல்லை.

ஒரே இரு ஊர்கள், நான்கு தொலைவுகள்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தொலைவு சுமார் 610 கி.மீ. புவி உருண்டை என்பதால் அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமே இது. விமானத் துறையினர் இதனைக் கடல் மைலில் கணக்கிடுவர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகையால், அவர்கள் கணக்கில் இது ஏறத்தாழ 330 கடல் மைல்.

சாலை வழியாக, அதாவது நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி வழியாகச் சென்றால் அதே பயணம் சுமார் 770 கி.மீ. ஆகிறது. ரயிலில் இரண்டு வழிகள் உண்டு. பாறசாலை, நாகர்கோவில், மதுரை வழியாகச் செல்லும் அனந்தபுரி விரைவு ரயில் ஏறத்தாழ 800 கி.மீ. கடந்து எழும்பூரை அடைகிறது. கோட்டயம், எர்ணாகுளம், பாலக்காடு வழியாகச் சுற்றிச் செல்லும் திருவனந்தபுரம் மெயில் சென்னை சென்ட்ரலைச் சென்றடைய 900 கி.மீ. அளவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஊர்கள் இரண்டுதான், தொலைவோ 610, 770, 800, 900 என நான்காக நிற்கிறது.

எல்லையோரக் கிராமத்தாருக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னை, பாறசாலைக்கு வடகிழக்கே இருக்கிறது. ஆனால் விமானம் ஏற விரும்புபவர் முதலில் வடமேற்கே சுமார் 35 கி.மீ. பயணம் செய்து திருவனந்தபுரம் செல்ல வேண்டும். பாறசாலையிலிருந்து சென்னைக்கு நேர்கோடு வரைந்தாலும் அதன் நீளம் ஏறத்தாழ அதே 610 கி.மீ.தான். முதல் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அவர் சென்னையை ஒரு கிலோமீட்டர்கூட நெருங்கியிருப்பதில்லை.

தொலைவு பற்றிய பொதுவான எண்ணங்களையும் வரைபடம் புரட்டிப் போடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலே சுமார் 605 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சென்னைக்கு உள்ள தொலைவும் ஏறத்தாழ அதுவே. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 360 கி.மீ.; பெங்களூரு விமான நிலையமோ சுமார் 530 கி.மீ. துபாய்க்கு ஏறத்தாழ 2,950 கி.மீ., சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,100 கி.மீ., தில்லிக்குச் சுமார் 2,220 கி.மீ. நெய்யாற்றின்கரையில் இருப்பவருக்கு நாட்டின் தலைநகரைவிடக் கொழும்பும் மாலேயும் மிக மிக அருகில் உள்ளன. இடையில் இருப்பது கடல் என்பதால் அவை தொலைவானவை என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

610 கி.மீ. பறக்க ஒன்றேகால் மணி நேரம் எதற்கு?

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை ஜெட் விமானங்கள் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்கு 830 கி.மீ. அளவு வேகத்தில் செல்கின்றன. அந்தக் கணக்கில் 610 கி.மீ. தொலைவை 45 நிமிடங்களுக்குள் கடந்துவிட வேண்டும். ஆயினும் கால அட்டவணைகளில் 1 மணி 20 நிமிடத்துக்குக் குறையாமல்தான் குறிக்கப்படுகிறது. மீதமுள்ள அரை மணி நேரத்துக்கும் மேலான பொழுது எங்கே போகிறது?

அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் உரிய இடத்தில் வந்து முழுமையாக நிற்கும் நொடி வரையிலான நேரம் ஆகும். ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து செல்வது, முன்னே இருக்கும் விமானம் மேலெழும்பக் காத்திருப்பது, தரையிறங்கிய பின் நிறுத்துமிடம் தேடிச் செல்வது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மேலெழும் கட்டத்திலும் இறங்கும் கட்டத்திலும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. 10,000 அடிக்குக் கீழே வந்ததும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறுந்தொலைவுப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதியாகிவிடுவதால், முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகவும் சொற்பம். தில்லிப் பயணத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை, 2,220 கி.மீ. தொலைவுக்கு மூன்றேகால் மணி முதல் மூன்றரை மணி நேரம் வரை என்பது கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

விமானங்கள் நேர்கோட்டிலும் பறப்பதில்லை. வான்வழித் தடங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. பாதுகாப்புப் படையினருக்கென ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளை ஒதுங்கிச் செல்ல வேண்டும். சென்னையில் நெரிசல் மிகுந்திருந்தால், இறங்கும் வரிசையில் வட்டமிடவும் நேரலாம். இவற்றையெல்லாம் கருதி விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே குறிக்கின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடங்களுக்குள் இயங்கினால் அந்த விமானம் நேரம் தவறாமல் இயங்கியதாகவே கணக்கில் கொள்ளப்படும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

தொலைவு மட்டுமே நேரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குத் தூத்துக்குடியே அண்டையில் உள்ள நல்ல சான்று. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ.; திருவனந்தபுரத்தைவிட 80 கி.மீ. அருகில். ஆனால் அங்கே நெடுங்காலமாக ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர் மட்டுமே இருந்ததால் ஜெட் விமானங்கள் இறங்க இயலவில்லை. இறக்கைச் சுழலிகள் கொண்ட ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு விமானங்களே சென்று வந்தன. அவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். அதனால் தொலைவு குறைவாக இருந்தும், சென்னைக்கான பயண நேரம் திருவனந்தபுரத்தைவிடக் கூடுதலாகவே இருந்துவந்தது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். பெரிய விமானங்கள் வழக்கமாக வந்து செல்லத் தொடங்கினால் தென் மாவட்டங்களின் இந்தக் கணக்கு மாறும்.

காற்றும் வான்வெளியும்

துபாய் செல்லும் விமானமும் துபாயிலிருந்து திரும்பும் விமானமும் ஒரே நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாப் பகுதிக்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிமையான காற்றோட்டம் வீசுகிறது. அதை எதிர்த்துச் செல்லும்போது பயணம் நீள்கிறது. அதனோடு திரும்பும்போது குறைகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வளியில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுவதால் நிலைமை ஓரளவு தலைகீழாகும். போகும்போது சுமார் நாலேகால் மணி, வரும்போது சுமார் நான்கு மணி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவற்றின் சராசரி என்றே கொள்ள வேண்டும்.

அரசியலும் பயண நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். 2025 ஏப்ரல் இறுதியில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றுவழியில் செல்ல நேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா செல்பவை அரபிக்கடலைக் கடந்து ஓமன் பக்கமாக நுழைவதால் அந்தத் தடை அவற்றைத் தீண்டவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியதும் கேரள விமான நிலையங்களில் வளைகுடாப் பயணிகள் பலர் தவித்து நின்றனர். விடுப்பு முடிந்து திரும்பும் தொழிலாளிக்கு ஒரு நாள் தாமதமும் ஊதிய இழப்பாகும். சில வேளைகளில் வேலையே கேள்விக்குறியாகிவிடும்.

பயணச்சீட்டில் உள்ள நேரம் யாருடைய நேரம்?

எல்லைக் கிராமங்களிலிருந்து முதன்முறை வெளிநாடு செல்வோர் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இது. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகமும் ஓமனும் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே உள்ளன. சவூதி அரேபியா, கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகியவை இரண்டரை மணி நேரம் பின்னே. மாலத்தீவு அரை மணி நேரம் பின்னே. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வேறுபாடு இல்லை.

காலை 10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்து துபாயை அடையும் விமானத்தின் சீட்டில் 12.45 என்று இருக்கும். பார்ப்பவருக்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணமாகத் தோன்றும். திரும்பும்போது இரவு 10 மணிக்குத் துபாயில் புறப்பட்டால், நான்கு மணி நேரம் பறந்தாலும் மறுநாள் அதிகாலை 3.30 என்றே சீட்டில் காணப்படும். ஐந்தரை மணி நேரம் பறந்ததுபோல் தோன்றினாலும் கூடியிருப்பது கடிகாரம் மட்டுமே. உறவினரை அழைத்துச் செல்லக் களியக்காவிளையிலிருந்து வாகனம் அனுப்புவோர், விமானம் புறப்பட்ட நாளைக் கணக்கில் வைத்து ஒரு நாள் முன்னதாகவே போய்க் காத்திருந்த கதைகள் ஊர்தோறும் உண்டு.

இதைவிடப் பெரிய இழப்பைத் தருவது நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி 00.30 என்று சீட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். 15-ஆம் தேதி இரவு என்று எண்ணி இருந்துவிட்டால் விமானம் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு முன்பே சென்றிருக்கும். வராத பயணிக்கு விமானக் கட்டணத்தின் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதில்லை. வளைகுடா விமானங்களில் பலவும் இரவிலும் அதிகாலையிலும் இயங்குவதால் இந்தப் பிழை எளிதில் நேர்கிறது. சீட்டைக் கையில் வாங்கியதும் தேதியின் அருகே "முந்தைய நாள் இரவு" என்று பேனாவால் எழுதி வைக்கும் பயண முகவர்கள் உண்டு. மிகச் சிறிய செயல்தான், ஆனால் மிகவும் பயனுள்ளது.

முப்பத்தைந்து கிலோமீட்டர்

பாறசாலையிலிருந்து புறப்படுபவரின் பயணத்தில் மிகவும் உறுதியான பகுதி வானில் உள்ளது. மிகவும் நிச்சயமற்ற பகுதி தரையில் உள்ளது. பழைய தேசிய நெடுஞ்சாலையில் களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை எனக் கடைவீதிகளின் ஊடாகவே செல்ல வேண்டும். கரமனையிலிருந்து தெற்கே சாலை அகலப்படுத்தப்பட்டபோதும், பாலராமபுரம் சந்திப்பு நெரிசலுக்குப் பெயர்பெற்றது. பள்ளி விடும் நேரத்தில் அந்த ஒரு சந்திப்பைக் கடப்பதற்குள், வானில் சென்னைக்கான பாதையில் பாதியைக் கடந்துவிடலாம் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இதற்கு மாற்றாக அமைந்தது கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை. சுமார் 43 கி.மீ. நீளமுள்ள இச்சாலை பாறசாலைக்கு அருகே காரோட்டில் தொடங்கி, முக்கோலை, கோவளம், திருவல்லம், ஈஞ்சக்கல், சாக்கை வழியாகச் செல்கிறது. காரோடு – முக்கோலை பகுதி கான்கிரீட் சாலையாக அமைக்கப்பட்டது. கடலோரமாகப் பொழியூர், கொல்லங்கோடு, ஊரம்பு பகுதிகளில் வசிப்போருக்கு இந்தச் சாலை பெரும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எல்லைக்கு அப்பால், தமிழகப் பகுதியில் காரோட்டிலிருந்து வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரி வரையிலான நான்குவழிச் சாலைப் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. குளங்களும் வயல்களும் நிறைந்த நிலம், மண் தட்டுப்பாடு எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. நாகர்கோவிலிலிருந்து வருபவருக்குப் பயணத்தின் முதற்பாதியில் இதனால் விடிவு கிட்டவில்லை.

விமான நிலையத்தை அடைந்தபின்னும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஓடுபாதை ஒன்றே. ஆனால் முனையங்கள் அதன் இரு பக்கங்களிலும் உள்ளன. உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கத்திலும், 2011-இல் திறக்கப்பட்ட பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கத்திலும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்ல இயலாது; சாலை வழியே சுற்றித்தான் வர வேண்டும். புறவழிச்சாலையில் வருபவருக்குப் பன்னாட்டு முனையம் கண்முன்னே தெரியும். அதைக் கண்டதும் வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடும் சென்னைப் பயணி, பயணப் பெட்டியோடு ஆட்டோ தேட வேண்டிவரும். எந்த முனையம் என்பது சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரிடம் வீட்டு வாசலிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆண்டில் இரண்டு நாள்களில் வேறொரு காரணத்தால் நேரம் மாறும். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு ஊர்வலங்கள் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் பாதை ஓடுபாதையின் குறுக்கே அமைந்திருக்கிறது. விமான நிலையம் 1932-இல் உருவானதற்கு முன்பிருந்தே அது ஊர்வலப் பாதையாக இருந்துவந்ததால், அந்த இரு நாள்களிலும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. விமானிகளுக்கு முன்னறிவிப்பு அனுப்பப்பட்டு, விமான நேரங்கள் மாற்றி அமைக்கப்படுகின்றன. அன்றைய மாலைப் பயணத்துக்குச் சீட்டு எடுத்தவர்கள் மாற்றி அமைக்கப்பட்ட நேரத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து ஒரு கணக்கு

பாறசாலை வீட்டிலிருந்து விமான நிலையம் வரை, நெரிசலையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பயணப் பதிவு முகப்புகள் பொதுவாக 60 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படுகின்றன. ஏறும் வாயில் 25 நிமிடங்களுக்கு முன் மூடப்படுகிறது. ஆகவே புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவேனும் அங்கே இருப்பது தேவை. பயணம் 1 மணி 20 நிமிடம். சென்னையில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம். அங்கிருந்து நகருக்குள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மொத்தம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். இதில் வானில் இருப்பது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

ரயிலில் அதே பயணத்துக்கு 15 முதல் 16 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது பதினாறையும் ஒன்றேகாலையும் அல்ல, பதினாறையும் ஆறையும். அப்போதும் விமானமே விரைவு. ஆனால் மாலையில் வீட்டருகே ரயில் ஏறி, உறங்கி எழுந்து, முற்பகலில் எழும்பூரில் இறங்குபவர் ஒரு பகல் பொழுதை இழப்பதில்லை. கட்டணத்தைக் கருதும் குடும்பங்கள் இன்றும் அனந்தபுரியை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம் எனலாம். கொச்சி செல்வோருக்கோ விடை முற்றிலும் வேறு. வானில் முக்கால் மணி நேரமே ஆனாலும், திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்தே பாரத் ரயில் சுமார் மூன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. காத்திருப்பையும், நெடும்பாசேரியிலிருந்து நகருக்குள் வரும் நேரத்தையும் கூட்டினால் ரயிலே முந்துகிறது.

நிமிடத்தைப் பொறுத்து மாறும் உரிமை

அட்டவணையில் உள்ள பயண நேரம் பயணிகளின் சட்ட உரிமைகளோடும் பிணைந்திருக்கிறது. பலர் அறியாத செய்தி இது. முன்னறிவிப்பின்றி விமானம் ரத்து செய்யப்பட்டால் வழங்க வேண்டிய இழப்பீட்டை, தொலைவைக் கொண்டல்லாமல் பயண நேரத்தைக் கொண்டே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் வகுத்துள்ளன. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் 10,000 ரூபாய் என்பது உச்ச அளவு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும். புயல், வான்வெளி மூடல் போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கு இது பொருந்தாது.

ஆகவே திருவனந்தபுரம் – சென்னைப் பயணி 7,500 ரூபாய் வரம்பிலும், தில்லிப் பயணி 10,000 ரூபாய் வரம்பிலும் வருவர். தாமதத்துக்கும் இதே முறைதான். பயண நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால், காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு இந்த வரம்பு மூன்று மணி நேரத் தாமதம். கொரோனா காலத்தில் 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் இயங்கியபோது, மத்திய அரசு கட்டணங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதித்ததும் பயண நேரத்தின் அடிப்படையில்தான். 40 நிமிடத்துக்குக் குறைவானவை தொடங்கி மூன்றரை மணி நேரம் வரை ஏழு பிரிவுகளாக நாட்டின் வழித்தடங்கள் பிரிக்கப்பட்டன. அந்தக் கட்டுப்பாடு 2022 ஆகஸ்ட் இறுதியில் விலக்கப்பட்டது.

எல்லைக்கு அப்பால் ஒரு விமான நிலையம்

மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதன்பின், 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் மக்கள் வாழும் அந்த மாவட்டம் தன் தலைநகர் சென்னைக்குப் பறக்க வேண்டுமானால் அண்டை மாநிலத்தின் தலைநகருக்குச் செல்லும் நிலை உருவானது. மாவட்டத்துக்குள் விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ.; வாகைக்குளமோ அதைவிடத் தொலைவு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் 1979-இல்தான். அதற்கு முன்பு பாறசாலையைக் கடக்கும் பயணிகளுக்குச் சாலையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

டாடா நிறுவனத்தின் சிறு விமானம் பம்பாயிலிருந்து முதன்முதலில் திருவனந்தபுரம் வந்து இறங்கிய 1935-இல், இந்தக் கிராமங்கள் அனைத்தும் திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானத்தில் இருந்தன. பெருநகரங்களுக்கு வெளியே நாட்டிலேயே முதலாவதாக, 1991-இல் அந்த நிலையம் பன்னாட்டுத் தகுதி பெற்றபோது இரு மாநிலங்களின் எல்லைக் கிராமத்தாரும் பயனடைந்தனர். இன்று களியக்காவிளையைக் கடந்து விமான நிலையம் நோக்கிச் செல்லும் வாடகை வாகனங்களில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவை ஏராளம். எல்லை தாண்டும் வாடகை வாகனத்துக்கு உரிய அனுமதியும் வரியும் தேவைப்படுவதால், சொந்த ஊர் ஓட்டுநர் அதைச் செலுத்தியிருக்கிறாரா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்வது, சோதனைச் சாவடியில் பத்து நிமிடம் இழப்பதைத் தவிர்க்கும். பேருந்தில் வருவோர் தம்பானூரில் இறங்கினால், அங்கிருந்து விமான நிலையம் சுமார் 5 கி.மீ. ரயிலில் வருவோருக்கும் திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து தொலைவு அவ்வளவே. நேமம் நிலையம் திருவனந்தபுரம் தெற்கு என்றும், கொச்சுவேளி திருவனந்தபுரம் வடக்கு என்றும் 2024-இல் பெயர் மாற்றப்பட்டுள்ளன. "திருவனந்தபுரம்" என்ற பெயரைக் கேட்டதும் நேமத்திலேயே இறங்கிவிட்டால், விமான நிலையம் செல்ல நகரையே கடந்தாக வேண்டும்.